சிஎம் பங்க்: புகார் வேறு, கூண்டுக்குள் வாங்கிய அடி வேறு

ரிங்கோரம் எழுதியது:

மல்யுத்த வீரர் சிஎம் பங்க் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "அவ்வளவு வாய் பேசினான், யூஎஃப்சிக்குப் போய் என்ன கிழித்தான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். நிஜச் சண்டை நடத்தும் யூஎஃப்சியின் கூண்டில் இரண்டு சண்டை போட்டார், இரண்டிலும் ஒரு ரவுண்டுகூட அவர் பக்கம் வரவில்லை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முடிவை முன்கூட்டியே எழுதி மல்யுத்தக் காட்சி நடத்தும் டபிள்யூடபிள்யூஈ மீது அவர் வைத்த புகார்களுக்கு அந்தத் தோல்வி எப்படிப் பதிலாகும்? இதை ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2011 ஜூன் 27, லாஸ் வேகஸில் நடந்த ரா என்ற டபிள்யூடபிள்யூஈ வார நிகழ்ச்சி. பழைய நட்சத்திரம் ஸ்டீவ் ஆஸ்டினின் ஸ்டோன் கோல்ட் சட்டை போட்டுக்கொண்டு மேடை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஞாபகார்த்தக் கோப்பையில் என் படம் இல்லை, போஸ்டரில் இல்லை, வருடத்தின் பெரிய நிகழ்ச்சியான அடுத்த ரெஸில்மேனியாவின் கடைசி மேட்சில் சினிமாவுக்குப் போய்விட்ட ராக் வந்து நிற்கப்போகிறார் என்று அடுக்கினார். நிறுவன முதலாளி வின்ஸ் மக்மேன் குடும்பத்தை இழுத்து, வின்ஸைப் பற்றி இன்னொரு கதையை ஆரம்பித்தபோது மைக் அணைந்தது. பைப் பாம் என்று பெயர் நிலைத்துவிட்ட பேச்சு அது. கோபம் நிஜம்தான். ஆனால் மைக்கைக் கொடுத்ததும் அணைத்ததும் நிறுவனம். அதற்கப்புறம் 434 நாள் சாம்பியன் பெல்ட் அவரிடம் இருந்தது, 2013 ராயல் ரம்பிளில் ராக்கிடம் இழக்கும் வரை.

2014 நவம்பரில் நடந்தது வேறு. அந்த ஜனவரி 26ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் ராயல் ரம்பிள், முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் மேட்ச். அதில் முதல் ஆளாக இறங்கி 49 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் வின்ஸிடமும் அவருடைய மருமகனும் நிர்வாகியுமான டிரிபிள் எச்சிடமும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பல மாதம் வாயே திறக்கவில்லை. நவம்பர் கடைசியில்தான் பழைய நண்பர் கோல்ட் கபானாவின் பாட்காஸ்டில் உட்கார்ந்து மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினார். தலையில் அடிபட்டதைச் சரியாகப் பார்க்கவில்லை, முதுகில் வந்த கட்டியைக் கவனிக்கவில்லை, மாதச் சந்தாவில் எல்லாம் காட்டும் நெட்வொர்க் வந்தபிறகு எங்கள் பங்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை, எப்போதோ ஒருமுறை வந்துபோகிறவர்களுக்குப் பெரிய மேட்ச், வருடம் முழுக்க ஊர் ஊராக அடி வாங்குகிறவனுக்கு இரண்டாம் இடம். வேலையைவிட்டு நீக்கும் கடிதம் ஜூன் 13ஆம் தேதி, அவருடைய கல்யாண நாளில் வந்து சேர்ந்ததையும் அதில்தான் சொன்னார். டிசம்பர் 1 அன்று ஸ்டீவ் ஆஸ்டின் எடுத்த பேட்டியில் வின்ஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டார், தேதி ஒத்துப்போனது தற்செயல் என்றார். டிசம்பர் 6 அன்று யூஎஃப்சி 181 நடந்த அரங்கில், தான் யூஎஃப்சியில் கையெழுத்திட்டுவிட்டதாக பங்க் அறிவித்தார்.

பாட்காஸ்டுக்கும் அறிவிப்புக்கும் நடுவே பத்துப் பதினைந்து நாள்கூட இல்லை. ஆட்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொள்வது இதனால்தான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கோவைப்பையன் எழுதியது:

அண்ணா, புகாரில் பாதி நியாயம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வருடம் முழுக்க உழைக்கிறவனை விட்டுவிட்டு வெளியிலிருந்து வந்தவனுக்குப் பெரிய மேட்சா?" என்று கேட்ட மனிதர், அடுத்து என்ன செய்தார்? ஒரு அமெச்சூர் சண்டைகூடப் போடாமல் நேராக யூஎஃப்சிக்குள் போனார். 2016 செப்டம்பர் 10, கிளீவ்லாந்து, யூஎஃப்சி 203. அவருக்கு அறிவிக்கப்பட்ட சம்பளம் 5 லட்சம் டாலர். அவரைத் தோற்கடித்த மிக்கி காலுக்கு, ஜெயித்ததற்கான போனஸையும் சேர்த்து, 30 ஆயிரம்.

சின்னச் சின்ன ஊர்களில் பத்து, பன்னிரண்டு சண்டை ஜெயித்துவிட்டு ஒரு அழைப்புக்காகக் காத்திருந்த பையன்கள் எத்தனை பேர்! அவர்கள் பார்வையில் வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடித்தவர் பங்க்தான். ராக்கைப் பற்றி இவர் சொன்ன அதே வார்த்தை அப்படியே இவருக்கும் பொருந்துகிறது. இதை அவருடைய ரசிகர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பாய்விரிப்பு எழுதியது:

நான் சில வருடமாக ஜியு ஜிட்சு பழகுகிறேன், போட்டிகளுக்கும் போயிருக்கிறேன். அந்த முதல் சண்டையைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மணி அடித்ததும் பங்க் நேராக முன்னால் ஓடிவந்து வலது கையை வீசுகிறார். உடம்பு நிமிர்ந்திருக்கிறது, இடுப்பு உயரத்தில் இருக்கிறது, எடை முழுக்க முன்காலில். எதிராளி மிக்கி குனிந்து அந்தக் கைக்குக் கீழே புகுந்து தொடைகளைப் பிடித்துத் தரையில் போட்டுவிட்டார். அதோடு சண்டை முடிந்த மாதிரிதான். கீழே விழுந்தபிறகு பங்க் செய்தது எல்லாம் அடியைத் தடுக்க முகத்தை மூடுவதும், தப்பிக்கப் புரண்டு முதுகைக் கொடுப்பதும். முதுகு கிடைத்ததும் மிக்கி இரண்டு காலையும் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து கழுத்தை நெரித்தார். தொடங்கி 2 நிமிடம் 14 நொடியில் பங்க் தோல்வியை ஒப்புக்கொண்டு கையைத் தட்டிவிட்டார்.

பயிற்சியில் குறை இல்லை. மில்வாக்கியில் டியூக் ரூஃபஸிடம் 2015 தொடக்கத்திலிருந்தே இருந்தார். அந்தோணி பெட்டிஸ் மாதிரி சாம்பியன்கள் உருவான இடம். ஆனால் நடுவில் தோளில் காயம், 2016இல் முதுகில் அறுவை சிகிச்சை. கூண்டுக்குள் போனபோது வயது 37. எதிரே நின்ற பையனுக்கு 24.

இன்னொன்றும் இருக்கிறது. ரிங்கில் பல வருடம் வேலை செய்தவர் கற்றுக்கொள்வது எதிராளிக்குக் காயம்படாமல் அவரோடு சேர்ந்து விழுவதை. எதிராளி தூக்கும்போது உடம்பைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும், விழும்போது முதுகு முழுவதும் தரையில் பட வேண்டும். கூண்டில் அதே பழக்கம் ஆளை முடித்துவிடும். 37 வயதில் அந்தப் பழக்கத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவது லேசு அல்ல.

டபிள்யூடபிள்யூஈயிலிருந்து யூஎஃப்சிக்குப் போன லெஸ்னரைக் காட்டி "அவன் ஜெயித்தானே" என்பவர்களுக்கு: பிராக் லெஸ்னர் 2000ஆம் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ மல்யுத்த ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். நிஜ மல்யுத்தம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. அவரே யூஎஃப்சியில் முதல் சண்டையில் ஃபிராங்க் மிரிடம் ஒன்றரை நிமிடத்தில் தோற்றார். அந்த வருடமே, 2008 நவம்பரில், ராண்டி கூட்டூரை அடித்து பட்டம் வாங்கினார். இதேபோல் நிஜச் சண்டைக்குப் போன பாபி லாஷ்லியும் கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர்தான். பங்க்குக்குப் பின்னால் அப்படி எதுவும் கிடையாது. தெருவிலும் சின்ன ரிங்குகளிலும் வளர்ந்த சிகாகோ பையன். தோற்பார் என்று ஜிம்முக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் உள்ளே போனதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

கோவைப்பையன் எழுதியது:

தைரியம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி இடத்தைப் பற்றியது, தைரியத்தைப் பற்றியது அல்ல.

பாய்விரிப்பு எழுதியது:

சரி. ஆனால் அந்த இடத்தைக் கொடுத்தது யார்? டிக்கெட் விற்க ஒரு பெயர் வேண்டும் என்று யூஎஃப்சி கூப்பிட்டது. முதல் தோல்விக்கப்புறம் "அடுத்த சண்டை இங்கே வேண்டாம்" என்கிற தொனியில் பேசிய யூஎஃப்சி தலைவர் டேனா வைட்டே 2018இல் சிகாகோவில் இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தார்.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்தக் கட்டி விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம்.

பங்க் சொன்னது இது: முதுகின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டி, மாதக்கணக்கில் இருந்தது, நிறுவனத்தின் மருத்துவரிடம் காட்டினேன், ஆன்டிபயாடிக் மாத்திரைதான் கொடுத்தார்கள். விலகியபிறகு வெளியே காட்டியபோது அது ஸ்டாஃப் என்ற பாக்டீரியாத் தொற்று, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். அந்த மருத்துவர் இதை முழுக்க மறுத்தார். இருவரில் யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். சீழ் கோர்த்த கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது. கீறிவிட்டுச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். மருந்துக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ வகை ஸ்டாஃப் என்றால் எந்த ஆன்டிபயாடிக் என்பதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மல்யுத்தக்காரர்களிடமும் ஜியு ஜிட்சுக்காரர்களிடமும் இது அடிக்கடி வரும். வியர்வை, சிராய்ப்பு, ஒரே விரிப்பு, உடம்போடு உடம்பு உரசல், எல்லாம் சேர்ந்து அந்தக் கிருமிக்கு வசதி. நம்ம ஊர் கபடி, குஸ்தி பையன்களும் தோலில் திடீரென்று சிவந்து வலிக்கும் கட்டி வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. நிறுவனம் சம்பளம் கொடுக்கும் மருத்துவர், நிறுவனத்துக்கு இன்று இரவு ரிங்கில் தேவைப்படும் ஆளைப் பரிசோதிக்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடம் நெருக்கடியான இடம். மூளை அதிர்ச்சி விஷயத்தில் இது இன்னும் மோசம். அடிபட்டவனே "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பான், ஏனென்றால் மேட்ச் போனால் பணம் போகும்.

சட்டப்புள்ளி எழுதியது:

வழக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த மருத்துவர் 2015 பிப்ரவரியில் பங்க் மீதும் கபானா மீதும் அவதூறு வழக்குப் போட்டார். இழப்பீடாகக் கேட்டது மில்லியன் கணக்கில். சிகாகோவில் ஜூரி முன்னால் விசாரணை நடந்து, 2018 ஜூன் 5 அன்று இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. யூஎஃப்சி 225 நடந்தது ஜூன் 9, அதே ஊரில், யுனைடெட் சென்டரில். கூண்டுக்குள் போக வேண்டிய மனிதர் சண்டைக்கு முந்தைய நாட்களை நீதிமன்றத்தில் கழித்திருக்கிறார். மைக் ஜாக்சனிடம் மூன்று ரவுண்டும் தோற்றார், மூன்று நடுவர்களும் 30-26. பிற்பாடு ஜாக்சனின் பரிசோதனையில் கஞ்சா தெரியவந்ததால் முடிவு செல்லாது என்று மாற்றப்பட்டது. அதனால் ஏட்டில் இன்று பங்க்குக்கு ஒரே ஒரு தோல்விதான்.

தீர்ப்பை அதிகமாகவும் படிக்கக் கூடாது, குறைவாகவும் படிக்கக் கூடாது. அவதூறு என்று நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் தவறு செய்தார் என்று எந்த ஜூரியும் சொல்லவில்லை.

ஆனால் பொதுவெளியில் புகார் சொல்வதற்கு என்ன விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது. வழக்கறிஞர் செலவு யார் கட்டுவது என்பதில் நண்பர்கள் இருவருக்குள் பிளவு. 2018 ஆகஸ்டில் கபானாவே பங்க் மீது வழக்குப் போட்டார், பங்க் எதிர்வழக்குப் போட்டார், 2019இல்தான் சமரசமாகி முடிந்தது. ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய இரண்டு பேர். ஜெயித்த வழக்கே நட்பைத் தின்றுவிட்டது.

ஸ்கார்பரோ எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே யூஎஃப்சியை நெருக்கமாகப் பின்தொடர்கிறோம், அதனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பாட்காஸ்டில் பங்க் சொன்ன புகார்களில் ஒன்று ஸ்பான்சர் பற்றியது. யூஎஃப்சி வீரர்கள் கால்சட்டையில் கம்பெனிப் பெயர் போட்டுச் சம்பாதிக்கிறார்களே, நாங்களும் செய்யலாமே என்று வின்ஸிடம் கேட்டாராம். முடியாது என்று பதில். கொஞ்ச நாளில் லெஸ்னர் திரும்பி வருகிறார், அவர் கால்சட்டையில் ஜிம்மி ஜான்ஸ் சாண்ட்விச் கடைப் பெயர். பங்க்குக்கு எரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது தேதியைப் பாருங்கள். பாட்காஸ்ட் வந்தது நவம்பர் கடைசி. டிசம்பர் 2 அன்று யூஎஃப்சி ரீபாக் ஒப்பந்தத்தை அறிவித்தது. இனி எல்லோருக்கும் ஒரே சீருடை, கூண்டுக்குள் சொந்த ஸ்பான்சர் கிடையாது. டிசம்பர் 6 அன்று பங்க் அறிவிப்பு. எந்த உரிமை தனக்கு இல்லை என்று புலம்பிக்கொண்டு கிளம்பினாரோ, அந்த உரிமை அவர் போய்ச்சேர்ந்த வாரத்திலேயே அங்கேயும் போய்விட்டது. 2015 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து சண்டை வரை போட்டவருக்கு ரீபாக் கொடுத்த தொகை ஒரு சண்டைக்கு 2,500 டாலர். 5 லட்சம் வாங்கிய பங்க்குக்கு அது ஒன்றுமில்லை. 10 ஆயிரமோ 12 ஆயிரமோ வாங்கிய பையனுக்கு, கால்சட்டை ஸ்பான்சர்தான் பயிற்சியாளருக்கும் சாப்பாட்டுக்கும் கைகொடுத்தது.

ரிங்கோரம் எழுதியது:

ஸ்கார்பரோ, நான் சொல்ல நினைத்ததன் மையத்தையே தொட்டுவிட்டீர்கள். ரிங்கானாலும் கூண்டானாலும் ஏற்பாடு ஒன்றுதான். இரண்டு இடத்து வீரர்களுமே காகிதத்தில் "சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்". எங்கே, எப்போது, யாரோடு, என்ன உடையில் என்பது வரை நிறுவனம் முடிவு செய்யும். வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது. ஆனால் ஊழியர் என்ற அந்தஸ்தும் அதோடு வரும் பாதுகாப்பும் கிடையாது. தொழிற்சங்கமும் இல்லை.

நெட்வொர்க் விஷயத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். முன்பு ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியையும் பார்வையாளர் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார், அதில் ஒரு பங்கு மேட்ச் போட்டவருக்கு வந்தது. 2014 பிப்ரவரியில் மாதம் 9.99 டாலருக்கு எல்லாமும் என்று ஆனது. அப்போது பங்கை எப்படிக் கணக்கிடுவீர்கள்? பங்க் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். இது பெரிய மேட்ச் கிடைக்காதவனின் பொறாமை அல்ல. கீழே மூன்றாவது மேட்சில் ஆடுகிறவனுக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வி.

கோவைப்பையன், சம்பளம் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் மிக்கி காலுக்கு 30 ஆயிரம் என்று முடிவு செய்தது பங்க் அல்ல.

கோவைப்பையன் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் எல்லாப் பழியையும் நிறுவனத்தின் மேல் போட்டுவிட்டு அவரைத் தூக்கி வைக்கவும் முடியவில்லை. 2021 ஆகஸ்டில் ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனத்துக்கு வந்தபோது சிகாகோவே அழுதது, நானும் உருகிப்போய்ப் பார்த்தேன். 2022 செப்டம்பரில் ஆல் அவுட் நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து சக ஆட்களைக் கிழித்தார், கபானாவையும் விடவில்லை. அன்று இரவே உள்ளே கைகலப்பு. 2023 ஆகஸ்டில் வெம்பிளியில் மறுபடி சக வீரர் ஜாக் பெர்ரியோடு தகராறு, செப்டம்பர் 2 அன்று வேலை போனது. அங்கே வின்ஸும் இல்லை, டிரிபிள் எச்சும் இல்லை. 2014இல் அவர் சொன்னது தொழிலாளியின் குறை. 2022இல் சொன்னது தனிப்பட்ட கோபம். இரண்டுக்கும் ஒரே கைத்தட்டல் கொடுக்க என்னால் முடியாது.

ரிங்கோரம் எழுதியது:

2022 பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. கூட வேலை செய்கிறவனைப் பொது இடத்தில் அவமானப்படுத்துவது வேறு, முதலாளியிடம் கணக்குக் கேட்பது வேறு. நான் காப்பாற்ற நினைப்பது இரண்டாவதை.

இரவுப்பணி எழுதியது:

2023 நவம்பரில் டபிள்யூடபிள்யூஈக்கே திரும்பினார், 2025 ஏப்ரல் 19 அன்று ரெஸில்மேனியா 41இன் முதல் இரவில் ரோமன் ரெய்ன்ஸ், செத் ரோலின்ஸோடு கடைசி மேட்சும் கிடைத்தது. ரோலின்ஸ் ஜெயித்தார், ஆனாலும் அவர் வாழ்நாள் ஏக்கம் தீர்ந்தது. பங்க் கண்கலங்கியதைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவருடைய புகார்ப் பட்டியலில் எளிதானது அது ஒன்றுதான். போஸ்டரில் படம் போடுவதும் கடைசி மேட்ச் கொடுப்பதும் நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் செய்யக்கூடியவை. அடிபட்டவனை நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது இன்னும் கேட்க வேண்டியதாகத்தான் இருக்கிறது.

ஸ்கார்பரோ எழுதியது:

இன்னொன்று, 2023 செப்டம்பரிலிருந்து டபிள்யூடபிள்யூஈயும் யூஎஃப்சியும் டிகேஓ என்ற ஒரே கம்பெனி. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடுவேன் என்று இனி யாரும் முதலாளியை மிரட்டக்கூட முடியாது. இப்போது ஒரு பங்க் கிளம்பினால் எங்கே போவார்? சட்டப்புள்ளி, யூஎஃப்சி வீரர்கள் போட்ட அந்தச் சம்பள வழக்கு என்ன ஆனது?

சட்டப்புள்ளி எழுதியது:

நடந்து முடிந்துவிட்டது. கங் லே, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் மூவரும் சேர்ந்து போட்டது, 2014 டிசம்பர் 16 அன்று. பங்க் அறிவிப்பு வந்து பத்தாவது நாள். சந்தையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வீரர்களின் சம்பளத்தை யூஎஃப்சி அமுக்கியது என்பது குற்றச்சாட்டு. முதலில் பேசிய சமரசத் தொகை போதாது என்று நீதிபதி 2024இல் திருப்பி அனுப்பினார். கடைசியில் 375 மில்லியன் டாலருக்கு முடிந்து, 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் கிடைத்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, சமரசங்களில் அது வழக்கம்தான்.

2010 டிசம்பர் 16 முதல் 2017 ஜூன் 30 வரை சண்டை போட்டவர்கள் அந்த வழக்கின் வரம்புக்குள் வருகிறார்கள். 2016 செப்டம்பர் கிளீவ்லாந்து சண்டையும் அதில் அடக்கம், பங்க்குக்கும் சரி, மிக்கி காலுக்கும் சரி.